கண்ணாடிச் சுவரில் பச்சை: தாவர மீன்தொட்டியில் பாசிக்குக் காரணம் தேடிய வரலாறு

நன்னீர்த் தாவரங்களையும் மீன்களையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் சேர்த்து வளர்க்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனில் உருப்பெற்றபோதே, அந்தத் தொட்டியின் சுவரிலும் இலையிலும் படியும் பாசியை எப்படி அடக்குவது என்ற கேள்வியும் உடன் எழுந்தது. அன்று முதல் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்டு வந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு காலமும் ஏதேனும் ஒன்றைக் குற்றவாளியாக நிறுத்தியது தெரியவரும்: முதலில் வெளிச்சம், பிறகு நீரில் சேர்ந்த உப்புகள், குறிப்பாகப் பாஸ்பேட், அதன்பின் கரியமில வாயுவின் பற்றாக்குறை. இந்தக் குற்றச்சாட்டுகள் பலவும் அந்தந்தக் காலத்து வேதியியலிலிருந்தும் ஏரிகளைப் பற்றிய ஆய்விலிருந்தும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. பாசி ஏன் வளர்ந்தது என்று கேட்பதை விட்டு, அதன் அருகில் நிற்கும் தாவரம் ஏன் வளரவில்லை என்று கேட்கும் நிலைக்குத் தொட்டி வளர்ப்போர் வந்து சேர ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1770களில் ஆங்கில வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, வெயிலில் வைத்த நீர்க்கலங்களின் சுவரில் ஒரு பச்சைப் படலம் தோன்றுவதையும், அதிலிருந்து குமிழ்களாக எழும் காற்று மெழுகுவர்த்தியை மிகுந்த சுடரோடு எரியச் செய்வதையும் கண்டார். இன்று ஆக்சிஜன் என்று அறியப்படுவது அந்தக் காற்றுதான். அந்தப் படலம் ஓர் உயிர்ப்பொருள்தானா என்பதே அவருக்கு முதலில் ஐயமாக இருந்தது. 1779இல் யான் இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர், தாவரங்களின் பச்சைப் பகுதிகள் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, இந்தக் காற்றை வெளியிடுகின்றன என்று நிறுவியபோது ஒளிச்சேர்க்கையின் அடிப்படை வெளிப்பட்டது. பின்னாளில் தொட்டி வளர்ப்போர் சுரண்டி எறிந்த அதே பச்சைப் படலம், தாவரங்கள் காற்றைப் புதுப்பிக்கின்றன என்ற கண்டுபிடிப்புக்குத் துணைநின்றது என்பதை இந்த வரலாற்றில் மறந்துவிடலாகாது. தாவரத்துக்கு உதவும் வெளிச்சமும் ஊட்டமும் பாசிக்கும் உதவும் என்ற அடிப்படைச் சிக்கல் அப்போதே கண்முன் இருந்தது.

லண்டன் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளரான ராபர்ட் வாரிங்டன் 1849இல் தொடங்கிய ஒரு சோதனையே தாவரத் தொட்டியின் பிறப்பாகக் கொள்ளப்படுகிறது. 12 கேலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் இட்டு, ஊற்றுநீர் ஊற்றி, வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற இலையுடைய நீர்த்தாவரத்தை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்ட அவர், மீன் வெளியிடும் கரியமில வாயுவைத் தாவரம் எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தருமானால் நீரை மாற்றாமலேயே இரண்டும் வாழக்கூடும் என்று எதிர்பார்த்தார். சில காலம் அது நடக்கவும் செய்தது. ஆனால் வாலிஸ்னேரியாவின் பழைய இலைகள் அழுகத் தொடங்கியதும் நீர் கலங்கி, கலத்தின் சுவரெங்கும் நூல்நூலான பச்சைப் பாசி வழவழப்பாகப் படர்ந்தது. குளங்களில் இந்த அழுகலை உண்பது எது என்று கவனித்த வாரிங்டன், லிம்னேயா என்னும் குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் மேய்ந்தன, அவை இட்ட முட்டைகள் மீனுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. 1850இல் லண்டன் வேதியியல் சங்கத்தின் இதழில் இந்தச் சோதனை வெளியானது.

வாரிங்டனைப் பின்பற்றியவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நத்தையை மட்டுமே. நத்தையை விடுவதற்கு முன்னால் அவர் செய்த நோய்க்கணிப்பு, அதாவது பாசிக்கு முந்திய நிகழ்ச்சி இலை அழுகியதே என்று கண்டுகொண்டது, அவருடைய கட்டுரையின் சிறந்த பகுதியாக இருந்தும் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போயிற்று. இறக்கும் இலையிலிருந்து அம்மோனியாவும் கரிமப் பொருள்களும் நீரில் கசிகின்றன என்பதும், அந்த இலையின் மேற்பரப்பே பாசிக்கு முதல் இருப்பிடமாகிறது என்பதும் பின்னாளில் விரிவாக விளக்கப்பட்டபோது, அந்த விளக்கத்தின் தொடக்கம் 1850ஆம் ஆண்டின் கட்டுரையிலேயே இருந்ததைச் சிலரே நினைவுகூர்ந்தனர்.

1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதும், 1853இல் லண்டன் ரீஜண்ட் பூங்கா விலங்குக் காட்சியகத்தில் மீனகம் திறக்கப்பட்டதும், அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' என்னும் நூல் வெளிவந்ததும் சேர்ந்து, மீன்தொட்டியை நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தன. ஜெர்மனியில் எமில் அடால்ஃப் ரோஸ்மெஸ்லர் 1856இல் எழுதிய கட்டுரையும் மறு ஆண்டில் வெளியிட்ட நூலும் நன்னீர்த் தொட்டியை அங்கே பரப்பின. மின்விளக்கு இல்லாத அக்காலத்தில் தொட்டிக்கு இடம் சன்னலோரமாகவே இருந்தது. வெயில் பக்கவாட்டிலிருந்து விழுந்ததால் நாற்புறக் கண்ணாடியும் வெகுவிரைவில் பச்சை பூத்தது. குளத்தில் ஒளி மேலிருந்து மட்டுமே வருகிறது என்பதை உணர்ந்த வாரிங்டன், முன்பக்கம் மட்டும் கண்ணாடியாகவும் மற்ற பக்கங்கள் கற்பலகையாகவும், பின்சுவர் சரிந்தும் அமைந்த ஒரு தொட்டியை வடிவமைத்தார். கடல்நீர்க் காட்சியகங்களை நிறுவிய வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் இன்னும் ஒருபடி மேலே சென்று, காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட நிலவறைத் தேக்கம் ஒன்றை அமைத்து, நீரைத் தேக்கத்துக்கும் தொட்டிகளுக்கும் இடையே ஓயாமல் சுழலவிட்டார். நீரின் பெரும்பகுதி எந்நேரமும் இருளிலேயே இருந்ததால் அதில் மிதக்கும் பச்சைப்பாசி பெருக இயலவில்லை. 1871இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் திறக்கப்பட்ட காட்சியகம் இந்த முறையில் இயங்கியது. வெளிச்சமே குற்றவாளி என்ற கருத்துக்கு இதைவிடப் பெரிய கட்டடச் சான்று வேறில்லை.

வாரிங்டனின் சோதனையிலிருந்து 'சமநிலைத் தொட்டி' என்ற கோட்பாடு ஒன்று கிளைத்து ஏறத்தாழ நூறாண்டுகள் நிலைத்தது. மீனுக்கும் தாவரத்துக்கும் இடையே சரியான விகிதம் அமைந்துவிட்டால் தொட்டி தன்னைத் தானே பேணிக்கொள்ளும் என்பதும், பாசி பெருகுவது அந்த விகிதம் தவறியதன் அடையாளம் என்பதும் அதன் சாரம். நியூயார்க் விலங்கியல் சங்கத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 1949இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கோட்பாட்டை ஒரு கட்டுக்கதை என்றே தலைப்பிட்டு மறுத்தார். மீனுக்கான ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகக் காற்றிலிருந்தே வருகிறது, வெளியேறும் கரியமில வாயுவும் அவ்வழியே போகிறது, ஆகவே தாவரத்தின் பங்கு எண்ணப்பட்ட அளவுக்கு இல்லை என்பது அவரது வாதம். மீனைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே. ஆனால் காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரியமில வாயு கரைந்திருக்கும் என்பதும், அது நீரில் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பதும், மூழ்கிய தாவரம் பட்டினி கிடப்பதற்குப் போதுமான காரணங்கள். மீன் மூச்சுவிட எளிதாக இருந்த தொட்டியில் தாவரம் கார்பனுக்கு ஏங்கியது என்பதை அக்கால விவாதம் கண்டுகொள்ளவில்லை.

இதற்கிடையே நச்சுமருந்தின் வழியும் திறந்திருந்தது. அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் மூர், கார்ல் கெல்லர்மன் ஆகிய இருவரும் 1904இல் வெளியிட்ட அறிக்கை, குடிநீர்த் தேக்கங்களில் மிகச் சிறிய அளவு மயில்துத்தத்தைக் கரைத்தால் பாசி மடியும் என்று காட்டியது. செப்பின் உப்பான மயில்துத்தம் அதன்பின் தொட்டி மருந்துகளிலும் இடம்பெற்றது. பாசிக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் தாவரத்துக்கும் இடையே செம்பு பெரிதாக வேறுபாடு பார்ப்பதில்லை என்பதால், பாசியை மேயும் உயிர்களையே முதலில் கொன்றுவிடும் கொடுமை இந்த மருந்தில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிமசின் என்னும் வயல் களைக்கொல்லியும் இதே பணிக்கு விற்கப்பட்டது. ஒளிச்சேர்க்கையையே தடுப்பது அதன் வேலை என்பதால், தாவரத் தொட்டிக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்றை எண்ணிப் பார்ப்பது கடினம். மடிந்த பாசி அழுகி, அதிலிருந்து வெளியான ஊட்டம் அடுத்த பாசிக்கு உணவானது. நச்சின் வழி தோற்றதற்கு நச்சின் குணம் மட்டும் காரணமன்று. பாசியை வரவழைத்த நிலைமையை அது தொடவே இல்லை.

1938இல் சந்தைக்கு வந்த குழல்விளக்கு, தொட்டியைச் சன்னலிலிருந்து விடுவித்தது. ஒளியின் அளவையும் நேரத்தையும் வளர்ப்பவரே தீர்மானிக்கும் வசதி கிடைத்தபின், அதை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே வளர்ந்த பாணியில் கல்லுக்கும் கட்டைக்கும் சிறிய இடமே உண்டு. இலையின் நிறமும் வடிவமும் மாறுபடும் செடிகளைக் கூட்டம் கூட்டமாக நட்டு, முன்னிருந்து பின்னோக்கிச் சரிவாக ஏறும் செடிவரிசையை ஒரு நகரத் தெருவைப் போல அமைப்பார்கள். அந்தத் தெருக்களில் பெரிதும் நின்றவை இலங்கையின் ஓடைகளிலிருந்து சென்ற கிரிப்டோகொரைன் செடிகள். அவற்றுள் மிகப் பரவலாக வளர்க்கப்படும் வெண்டியை இனத்துக்கு 1958இல் பெயரிட்டவரும் டச்சுத் தாவரவியலாளரான டி விட் தான். நடுவர்கள் வீடு வீடாகச் சென்று தொட்டிகளைப் பார்த்து மதிப்பெண் வழங்கிய போட்டிகளில், பாசி படிந்த இலை குறையாகவே கருதப்பட்டது. அடர்த்தியாக நட்டு, வாரந்தோறும் கத்தரித்து, நீரை மாற்றிய அந்தத் தொட்டிகள் பெரும்பாலும் தெளிவாகவே இருந்தன. காரணத்தைக் கோட்பாடாக எழுதி வைக்காமலே, கைப்பழக்கத்தில் அவர்கள் சரியான வழியில் நடந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

கோட்பாடு ஜெர்மனியிலிருந்து வந்தது. காஸ்பர் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் என்னும் இருவர் தென்கிழக்கு ஆசிய ஓடைகளில் நீரின் தன்மையை அளந்து, அதைத் தொட்டியில் மீண்டும் உருவாக்க முயன்றனர். 'தி ஆப்டிமம் அக்வேரியம்' என்ற பெயரில் 1986இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவர்களது நூல், உருளையிலிருந்து கரியமில வாயுவை நீரில் கரைப்பது, மணலுக்கடியில் மென்சூடான கம்பிச்சுருள் பதிப்பது, இரும்பையும் பிற நுண்ணூட்டங்களையும் நாள்தோறும் சொட்டாக இடுவது ஆகியவற்றை ஒரே முறையாகத் தொகுத்துத் தந்தது. கம்பிச்சுருளின் பயன் பின்னாளில் ஐயத்துக்குள்ளானது. ஆனால் மூழ்கிய செடிக்குக் கார்பனும் இரும்பும் ஊட்டப்பட வேண்டியவை என்ற கருத்து நிலைத்தது. அதே சமயம், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மீன் கழிவால் சேரும் அழுக்குகளே, இவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் மட்டும் அப்படியே நீடித்தது.

அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது கனடாவின் ஒரு சிறிய ஏரி. ஒண்டாரியோவின் வடமேற்கில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226ஆம் எண் ஏரி நடுவில் இடுங்கிய வடிவமுடையது. 1973இல் டேவிட் ஷிண்ட்லர் தலைமையிலான குழு அந்த இடுக்கில் ஒரு நெகிழித் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்து, இரு பாதிக்கும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பாதிக்கு மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தது. பாஸ்பரஸ் பெற்ற பாதி பாசியால் பச்சையாகிவிட, மறுபாதி தெளிவாகவே நின்றது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அதன் நிழற்படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்குத் துணைநின்றது. ஏரிகளைக் காத்த பெருமை அந்த ஆய்வுக்கு என்றும் உரியது. ஆனால் அதன் முடிவைத் தொட்டி வளர்ப்போர் அப்படியே தங்கள் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுவந்தது வேறு கதை. பாஸ்பேட்டை உறிஞ்சும் வடிகட்டிப் பொருள்களும் பாஸ்பேட் அளக்கும் சோதனைத் திரவங்களும் பெருகியது அப்படித்தான்.

1996இல் கனடாவைச் சேர்ந்த பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் எழுதிய ஆய்வு இந்தச் சிந்தனையின் உச்சமும் திருப்பமும் ஆகும். தங்கள் தொட்டிகளில் பொட்டாசியம், மெக்னீசியம், நுண்ணூட்டங்கள் ஆகியவற்றுடன் நைட்ரேட்டையும் வேண்டுமென்றே சேர்த்து, பாஸ்பேட்டை மட்டும் சேர்க்காமல் விட்ட அவர்கள், பாசி மறைந்து செடிகள் செழித்ததைக் கண்டனர். மற்ற ஊட்டமெல்லாம் நிறைந்திருக்கும்போது உயர் தாவரங்கள் நீரிலுள்ள சிறிதளவு பாஸ்பேட்டையும் விரைந்து எடுத்துச் சேமித்துக்கொள்வதால் பாசிக்கு அது கிடைப்பதில்லை என்பது அவர்களது விளக்கம். 'பூர் மேன்ஸ் டோசிங் டிராப்ஸ்' என்று, விலையுயர்ந்த ஆயத்தக் கரைசல்களுக்கு மாற்றாகப் பெயரிடப்பட்ட அந்தக் கலவையை, உரக்கடையில் கிடைக்கும் உப்புகளைக் கொண்டு எவரும் வீட்டிலேயே தயாரிக்க முடிந்தது. அழுக்கென்று கருதப்பட்ட நைட்ரேட்டை உரமாக ஏற்றது அவர்கள் செய்த பெரிய உதவி. பாஸ்பேட்டைப் பற்றிய அச்சம் மட்டும் இன்னும் எஞ்சியிருந்தது.

அதைத் தகர்த்தவர் கலிபோர்னியாவின் டாம் பார். அவர் தொட்டியில் ஊற்றிய குழாய் நீரில் பாஸ்பேட் மிகுதியாகவே இருந்தது. ஆயினும் பாசி பெருகவில்லை, செடிகள் முன்னைவிட நன்கு வளர்ந்தன. பாசியை வரவழைப்பது பாஸ்பேட் என்றால் இது நடந்திருக்கவே கூடாது. பிறகு அவர் பாஸ்பேட்டைத் தனியாகச் சேர்த்தும் பார்த்து, கரியமில வாயுவும் நைட்ரேட்டும் போதிய அளவில் இருக்கும் தொட்டியில் அதனால் தீங்கு விளைவதில்லை என்று காட்டினார். ஓர் எதிர்ச்சான்று எத்தனை உடன்பாட்டுச் சான்றுகளையும் வீழ்த்தும் என்ற அறிவியல் நெறிக்கு, பொழுதுபோக்காகச் செய்யப்படும் ஒரு துறையில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. பாசியின் உடல் மிகச் சிறியது. அதற்குத் தேவையான ஊட்டமோ மிகச் சொற்பம். மீன் உணவிலிருந்து கசியும் அளவே அதற்குப் போதும். ஆகவே பாசியைப் பட்டினி போட முயல்பவர், அதற்கு நெடுநாள் முன்பே தம் செடியைப் பட்டினி போட்டுவிடுகிறார்.

2000களின் தொடக்கத்தில் பார் முன்வைத்த 'எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்' என்னும் முறை, நம்பத்தகாத சோதனைத் திரவங்களைக் கைவிட்டு, எளிய கணக்கை நம்பியது. வாரம் முழுவதற்குமான ஊட்டத்தைச் செடியின் தேவைக்குச் சற்று மிகுதியாகவே இட்டு, வார இறுதியில் பாதி நீரை மாற்றிவிட்டால், செடி ஒன்றையுமே எடுத்துக்கொள்ளாவிட்டாலும், எத்தனை வாரமானாலும், தொட்டியில் சேரும் ஊட்டம் ஒரு வார அளவின் இரு மடங்கைத் தாண்டாது. பாதியாக்குவதும் கூட்டுவதும் மாறி மாறி வரும் இந்தக் கணக்கில், பற்றாக்குறையும் இல்லை, நச்சாகும் அளவுக்குக் குவிதலும் இல்லை. இந்த ஏற்பாட்டில் வளர்ப்பவர் முழுக்கவனம் செலுத்த வேண்டியது கரியமில வாயுவின் மீதும் ஒளியின் மீதும் மட்டுமே. ஒளி மிகும்போது செடியின் பசி மிகுகிறது. அந்தப் பசிக்கு ஈடாகக் கார்பன் கிடைக்காவிட்டால் இலை நலிகிறது. நலிந்த இலையில் பாசி குடியேறுகிறது. வெளிச்சத்தைக் குற்றம் சாட்டிய விக்டோரிய காலத்தவர் முற்றிலும் தவறியவர்கள் அல்லர் என்பதும் இதனால் விளங்கும்.

ஏரியில் உண்மையான ஒன்று தொட்டியில் ஏன் பொய்த்தது என்பதற்கும் ஏரியியலே விடை தந்திருந்தது. நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, ஆழமற்ற ஏரிகள் ஒரே ஊட்ட அளவில் இரண்டு வெவ்வேறு நிலைகளில் நிலைபெறக்கூடும் என்று விளக்கியது: ஒன்று, அடித்தளச் செடிகள் நிறைந்த தெளிநீர் நிலை, மற்றொன்று, மிதக்கும் பாசி மண்டிய கலங்கல் நிலை. எந்த நிலை ஏற்பட்டதோ அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். செடிகள் சேற்றைப் பிடித்து நீரைத் தெளிவாக வைக்கின்றன, தெளிந்த நீர் செடிக்கு ஒளி தருகிறது. பாசி மூடிவிட்டாலோ ஒளி இறங்காமல் செடி முளைக்காது. ஷிண்ட்லரின் சோதனை நடந்தது திறந்த நீரில் மிதக்கும் பாசியின் உலகில். தாவரத் தொட்டியோ, நன்கு நடப்பட்டிருந்தால், முதல் வகை ஏரியின் சிறு உருவம்.

மேயும் உயிர்களின் கதையும் இந்த ஆண்டுகளில் புது வடிவம் பெற்றது. ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் டகாஷி அமானோ 1980களில் உருவாக்கிய 'நேச்சர் அக்வேரியம்' பாணியில், நுண்ணிலைச் செடிகளும் மாஸ் வகைச் செடிகளும் பாறைமேல் பரவியிருந்ததால், அவற்றுக்கிடையே சிக்கும் நூற்பாசியைக் கையால் எடுக்க வழியில்லை. நாட்டு ஓடைகளில் வாழும் யமடோ நன்னீர் இறாலை அவர் தொட்டிக்குக் கொண்டுவந்தார். சில நாட்களில் அது நூற்பாசியைத் துப்புரவாக மேய்ந்துவிடுவதைக் கண்ட பிறகு, அந்த இறால் உலகெங்கும் அமானோ இறால் என்றே அழைக்கப்படலாயிற்று. அதன் குஞ்சுகள் கடல்நீர் கலந்த உவர்நீரில்தான் வளரும். அதனால் நன்னீர்த் தொட்டிக்குள் அது பெருகுவதில்லை. சயாம் பாசிதின்னி மீனுக்கு நேர்ந்தது வேறு. தாய்லாந்திலிருந்து வந்த பெட்டிகளில் அதைப் போன்ற வேறு மீன்களும் கலந்து விற்கப்பட்டதால், உண்மையான இனத்தில் உடலின் கரும்பட்டை வால்துடுப்பின் நுனிவரை ஓடும் என்ற அடையாளத்தை வளர்ப்போர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றெந்த மீனும் எளிதில் தொடாத கருந்தாடிப் பாசியை அதன் இளமீன்கள் தின்னும்; வயது ஏறினால் தொட்டியில் இடும் தீனியையே அவை விரும்பும்.

பாசி என்று ஒரே பெயரில் வழங்குபவை உயிரியலில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவானவை என்பதால், எந்தப் பாசி என்று அறிவது கணிப்பின் முதற்படி. ஐரியத் தாவரவியலாளர் வில்லியம் ஹென்றி ஹார்வி 1836இல் பாசிகளை நிறத்தின் அடிப்படையில் பச்சை, பழுப்பு, சிவப்பு என்றும் டயட்டம்கள் என்றும் பிரித்தது இன்றும் தொட்டியடியில் பயன்படுகிறது. புதுத்தொட்டியில் சில வாரம் தோன்றித் தானே மறையும் பழுப்புப் பொடி, சிலிக்கா ஓடுடைய டயட்டம். விரலால் தேய்த்தால் நீங்கும். கண்ணாடியில் கடினமாக ஒட்டும் பச்சைப் புள்ளிகள் பாஸ்பேட் குறைந்த தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது, பழைய அச்சத்துக்கு நேர்மாறான செய்தி. மணல்மீது தகடாகப் படர்ந்து நாற்றமடிக்கும் நீலப்பச்சைப் படலம் பாசியே அன்று. அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா என்று 1960களிலும் 1970களிலும் ரோஜர் ஸ்டேனியர் முதலியோர் வற்புறுத்தினர். எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி அதை மட்டும் கொன்று பச்சைப் பாசியை விட்டுவிடுவது அதனால்தான். எனினும் மருந்தெதிர்ப்பு பெருகும் காலத்தில், அழுக்கை உறிஞ்சி எடுத்து, சில நாள் தொட்டியை இருட்டில் மூடி, நீரோட்டத்தைச் சீர்செய்வதே பொறுப்பான வழி. இந்த உயிர்க்குழுவை இனம் பிரித்தறிய உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் புரட்டும் 'சயனோஃபைட்டா' என்னும் பெருநூலை 1959இல் எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி என்பதும், அவருடைய ஆசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார் இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் என்பதும் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ளத் தக்கவை.

மிகவும் பிடிவாதமானது கருந்தாடிப் பாசி. கருமையாகத் தோன்றினாலும் அது சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது. எரிசாராயத்தில் ஊறவைத்தால் பச்சையம் கரைந்து, எஞ்சிய செந்நிறமி வெளிப்படும் என்ற எளிய சோதனையால் இதை உறுதி செய்யலாம். கரியமில வாயு ஒருநாள் மிகுந்தும் மறுநாள் குறைந்தும் போகும் தொட்டிகளில் இது இலையோரங்களில் தாடியாக முளைப்பதை வளர்ப்போர் நீண்டநாளாகக் கண்டுவந்துள்ளனர். மருத்துவமனைக் கருவிகளைத் தூய்மையாக்கும் குளூட்டரால்டிஹைடு, திரவக் கார்பன் என்ற பெயரில் தொட்டிக் கடைகளுக்கு வந்தபின் இந்தப் பாசியின்மீது நேரடியாகப் பீச்சும் வழக்கம் பரவியது. பாசி சிவந்து மடிவது உண்மை. வாலிஸ்னேரியா போன்ற செடிகள் அதே மருந்தில் கரைந்துபோவதும் உண்மை. கையாள்பவரின் மூச்சுக்கும் தோலுக்கும் தீங்கு செய்யும் அப்பொருளை அன்றாட உரம்போல் விற்பதும் வாங்குவதும் வருந்தத்தக்கது. வாயுவின் அளவைச் சீராக்கி, பழைய இலைகளைக் கத்தரித்து எடுப்பதே பாசி திரும்பாமல் காக்கிறது.

செழித்த செடி பாசியை ஏன் ஒதுக்குகிறது என்ற கேள்வியில் மட்டும் இரு தரப்பு இன்னும் நிற்கிறது. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூல், தோட்டமண்ணை அடியிலிட்டு, வாயு உருளையும் உரக்கரைசலும் இல்லாமலே தொட்டி வளர்க்கும் வழியை விளக்கியதோடு, நீர்த்தாவரங்கள் பாசியைத் தடுக்கும் வேதிப்பொருள்களைக் கசியவிடுகின்றன என்ற கருத்துக்கும் இடமளித்தது. மிரியோஃபில்லம் என்னும் நீர்த்தாவரம் அத்தகைய பாலிஃபீனால்களை நீரில் விடுவதை எலிசபெத் கிராஸும் அவர் குழுவினரும் 1996இல் காட்டியிருந்தனர். பார் இதை ஏற்கவில்லை: அப்பொருள்களை உறிஞ்சிவிடும் கரித்தூள் வடிகட்டியைப் பொருத்திய தொட்டிகளிலும், நீரை அடிக்கடி மாற்றும் தொட்டிகளிலும் பாசி தோன்றாமலே இருக்கிறதே என்பது அவர் எழுப்பிய தடை. விளக்கத்தில் இவ்வளவு மாறுபட்டாலும், தொட்டியை அமைக்கும் முதல் நாளிலேயே, வேகமாக வளரும் தண்டுச்செடிகளைக் கொண்டு அடித்தளத்தின் பெரும்பகுதியை மூடிவிட வேண்டும், ஒளியைக் குறைவாகத் தொடங்கி வேர்பிடித்த பிறகே கூட்ட வேண்டும் என்னும் அறிவுரையில் இரு தரப்பைப் பின்பற்றுவோரும் ஒன்றுபடுகின்றனர்.